கொடியில் பேசிய தோல்

ஜவுளிக்கடைப் பட்டு செக்‌ஷனிலிருந்து குடோனுக்கு மாற்றிவிட்ட அன்றைக்குத்தான் சண்முகக்கனி ஆசிட் வாங்குவது என்று முடிவு கட்டினாள், அவள் ஒன்றை முடிவு கட்டிவிட்டால் ரயிலே குறுக்கே நின்றாலும் காத்திருந்து தாண்டிப் போவாளே தவிரத் திரும்பி வரமாட்டாள் என்பது கோவில்பட்டியில் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே அவள் குடியிருந்த வளவுக்கே தெரியும். வளவு என்றால் பொதுவாக ஒரு வாசல், நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு, கிணற்றுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே துணிக்கொடி, சுற்றிலும் ஓட்டு வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அத்தனை வீட்டிலும் தும்முவார்கள், ஒருத்தி முகம் கோணினால் அத்தனை பேருக்கும் காரணம் தெரிந்தாக வேண்டும்.

"தப்பா நெனைக்காதம்மா," என்று சூப்பர்வைசர் அய்யாச்சாமி சொல்லியிருந்தார். "பட்டு எடுக்க வாரவங்க சேலைய அப்புறந்தான் பாக்காங்க, மொதல்ல மூஞ்சியத்தான் பாக்காங்க. ஒம் மூஞ்சி உப்புத்தாள் மாதிரில்லா இருக்கு."

அதில் பொய் ஒன்றுமில்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் ஒரு குறையும் கிடையாது, சிரித்தால் கன்னத்தில் குழிகூட விழும், ஆனால் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் தோல் சொரசொரவென்று தடித்திருந்தது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பயத்தம் மாவும் பலிக்கவில்லை, பன்னீரும் பலிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் பார்லர் வைத்திருந்த ஷைனி, மார்த்தாண்டத்துக்காரி, அவள் கன்னத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டு குப்பிகளை எடுத்து வைத்தாள்.

"ஆசிட்டுன்னு கேட்டுப் பயப்படாதே. இது கிளைகாலிக், கரும்புல இருக்கது. இது லாக்டிக், புளிச்ச பால்ல இருக்கது. செத்த தோல் ஒண்ணு மேல ஒண்ணு பசை போட்ட மாதிரி ஒட்டிக் கெடக்கு, இது அந்தப் பசைய இளக்கும், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு தடவை. மொதல்ல காதுக்குப் பின்னால தடவிப் பாரு. தேய்க்காதே, சொரண்டாதே, வெயில்ல சன்ஸ்கிரீன் இல்லாம கால் வைக்காதே. பள்ளம் இருந்தா பள்ளம் இருக்கத்தான் செய்யும், நான் பொய் சொல்ல மாட்டேன். சொரசொரப்பு போகும்."

வளவுக்குள் குப்பி வந்ததும் உலகம்மாள் பிடித்துக்கொண்டாள். உலகம்மாள் கனியின் அத்தை, அப்பாவோடு பிறந்தவள். கனிக்கு ஒரு வயது நிறையுமுன்னே அம்மா தங்கவடிவு மஞ்சக்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட, அப்பா லாரி ஓட்டப் போகிறேன் என்று கிளம்பித் திருப்பூர்ப் பக்கம் வேறு குடும்பம் ஆகிவிட, நிச்சயம் பண்ணியிருந்த மாப்பிள்ளை வீட்டார் 'பிள்ளைய விட்டுட்டு வந்தா வா' என்று சொன்னதற்கு 'அப்படின்னா நீங்க வேற இடம் பாத்துக்கிடுங்க' என்று சொல்லிவிட்டு இடுப்பில் கனியோடு அந்த வீட்டிலேயே நின்றுபோனவள். சோறு போட்டாள், படிக்க வைத்தாள், காய்ச்சலுக்குக் கண் விழித்தாள். ஆனால் வாயைத் திறந்தால் வேப்பெண்ணெய்தான்.

"கக்கூஸ் கழுவுத ஆசிட்டையாட்டி மூஞ்சில ஊத்தப் போற? பெத்தவளே சாகுத நேரம் பாக்கப் பிடிக்காமச் செவத்துப் பக்கம் திரும்பிக்கிட்ட மூஞ்சி. அதுல எத ஊத்தினா என்ன?"

இது புதிதாகச் சொன்னதில்லை. கனிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து குழம்பில் உப்பு கூடினாலும் குறைந்தாலும், பரீட்சையில் பாஸானாலும் பெயிலானாலும் இதே பேச்சுதான். கேட்டுக் கேட்டு மரத்துப்போயிருக்க வேண்டும். மரத்துப்போகவில்லை. ஒவ்வொரு தடவையும் வலித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் தடவினாள். சுள்ளென்று எறும்பு கடித்த மாதிரி இருந்து அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றடியில் முகம் கழுவியபோது, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரே ஏடாக, கண்ணுக்கும் வாய்க்கும் ஓட்டையோடு, வெங்காயச் சருகு மாதிரி ஒரு தோல் கையோடு வந்துவிட்டது. ஈரமாக இருந்ததால், ஈரமான எதையும் செய்வது போல, அதையும் கொடியில் போட்டு கிளிப் மாட்டினாள். வெயில் முருங்கை மரத்தைத் தாண்டி வந்து அதில் பட்டதும் அது, "ஒம் மூஞ்சி உப்புத்தாள் மாதிரில்லா இருக்கு," என்று அய்யாச்சாமி குரலில் சொல்லிவிட்டு, பொடிந்து, கீழே விழுந்தது. ஒரு கோழி வந்து கொத்திப் பார்த்துவிட்டு ஆகாது என்று போய்விட்டது.

"யாரு, ஜவுளிக்கடை அய்யாச்சாமியா? காலங்காத்தால கொடில என்ன பேச்சு அவனுக்கு?" என்று கேட்டுவிட்டுப் பல் விளக்குவதைத் தொடர்ந்தார் டெய்லர் கருத்தபாண்டி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் குரலே வந்தது. "துணி மட்டும் வழுவழுன்னு எடுத்தாப் போதுமா தாயி," என்று என்றைக்கோ ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது சொல்லிச் சிரித்தது, அந்தச் சிரிப்போடு சேர்ந்து கொடியில் தொங்கியது. கருத்தபாண்டி பெண்சாதி அன்று முழுக்க அவருக்குக் காபி கொடுக்கவில்லை. சாயங்காலம் அவர் ஒரு புது ஜாக்கெட்டைத் தைத்துக்கொண்டு வந்து, கனியின் முகத்தைப் பார்க்காமல் திண்டாடி, கிணற்றைப் பார்த்துக்கொண்டே நீட்டினார்.

இப்படி ஆரம்பித்ததுதான். வாரம் ஒரு ஏடு, ஏட்டுக்கு ஒரு குரல். பால்காரர், பஸ் கண்டக்டர், பெண் பார்க்க வந்து பஜ்ஜி மட்டும் தின்றுவிட்டுப் போன விளாத்திகுளத்தார், எல்லாரும் கொடியில் வந்து பேசிவிட்டுப் பொடிந்தார்கள். வளவுக்காரர்கள் அதற்குத் தக்கபடி தங்களை மாற்றிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் துணி துவைப்பதில்லை, கொடி கனிக்கு என்று ஆனது. மனசு குறுகுறுக்கிறவர்கள் சனிக்கிழமையே கழுகுமலைக்கு வேண்டுதல் இருக்கிறதென்று பஸ் ஏறினார்கள்; குறுகுறுக்காதவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சிலர் முந்தியே வந்து, "எப்பமோ ஒரு கோவத்துல சொல்லியிருப்பேன் கனி, வந்துச்சுன்னா மனசுல வச்சுக்கிடாத," என்று சொல்லிவைத்துவிட்டுப் போனார்கள். பார்லரில் கூட்டம் அலைமோதியது, ஆளாளுக்கு வாங்கித் தடவினார்கள், அவர்களுக்கெல்லாம் வெறும் தோல்தான் உரிந்தது, ஒன்றும் பேசவில்லை. ஷைனி அதற்கு ஆச்சரியப்படவில்லை. "ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு மாதிரி," என்றாள்.

முகத்தைப் பார்த்து முகத்தைப் பற்றிச் சொன்ன சொல் எதுவானாலும் ஒட்டிக்கொள்கிறது என்பது போகப் போகத் தெரிந்தது. நல்ல சொல்லும் ஒட்டும். 'இப்ப நல்லாயிருக்கேட்டி' என்று ஆசையாகச் சொன்னாலும் அடுத்த வாரம் அதுதான் உரியும், ஒரு வாரம் வீண். அதனால் வளவில் அவளோடு பேசுகிறவர்கள் அவள் தோளைப் பார்த்துப் பேசினார்கள், பாராட்ட வாய் ஊறினால் அடக்கிக்கொண்டு, "எல்லாம் முடியட்டும், மொத்தமாச் சொல்லுதேன்," என்றார்கள்.

ஏனென்றால் உரிகிற வரிசை அவர்களுக்கும் பிடிபட்டிருந்தது. மேலே இருப்பது நேற்றையது, அடியில் இருப்பது ஆதியிலே உள்ளது. ஜவுளிக்கடை போய், காலேஜ் வந்து, காலேஜ் போய்ப் பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தது. கனி ஒரு நாள் கிணற்றடியில் நின்று திடீரென்று உணர்ந்தாள்: கடைசி ஏட்டில் அம்மா இருப்பாள். அம்மா அந்த முகத்தைப் பார்த்து என்ன சொன்னாள், சொன்னாளா, இல்லை, அத்தை சொல்கிற மாதிரிப் பார்க்கவே பிடிக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாளா என்பது அங்கே இருக்கும். அதற்கப்புறம் பட்டு செக்‌ஷனாவது குடோனாவது! அய்யாச்சாமியே வெட்கப்பட்டு, "திரும்ப மேல வந்திரும்மா," என்று கூப்பிட்டபோதும், "அப்புறம் பாக்கலாம் சார், எனக்கு வேற சோலி இருக்கு," என்று சொல்லிவிட்டாள். அம்மாவைக் கேட்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டது.

அந்த வழியில் நல்ல குரல்களும் கிடைத்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடியில், "ஏ கனி, மூஞ்சி ஏன் வாடிப் போயிருக்கு? இந்தா, சேமியா ஐஸ் தின்னு, துட்டு வேண்டாம்," என்று ஒரு குரல் வந்ததும் கிழக்கு வீட்டுக் குருவம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். செத்துப்போன அவள் புருஷன், ஐஸ் பெட்டி கட்டின சைக்கிளோடு ஊரெல்லாம் சுற்றினவர். உதிர்ந்த பொடியைக் கோழி வருமுன்னே முந்தானையில் அள்ளிக்கொண்டு அவள் அன்று பொழுதுக்கும் கொடிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாள். "அவுக தொண்டை கட்டியிருக்கும்போது சொன்னது. வெயில்ல அலையாதீகன்னா கேக்கவா செய்தாக," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். யாரும் அவளை எழுப்பவில்லை.

எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது உலகம்மாள் குரல்தான். மூன்று வாரம் யாராவது வந்தால் நாலாவது வாரம் அத்தை. 'பெத்தவளே பாக்கப் பிடிக்காமத் திரும்பிக்கிட்ட மூஞ்சி.' அதே பேச்சு, ஏட்டுக்கு ஏடு. ஒரே வித்தியாசம், அடிக்கு அடி போகப் போக அந்தக் குரல் இளசாகிக்கொண்டே வந்தது; கரகரப்புப் போய், கனம் போய், ஒரு குமரிப்பிள்ளைக் குரலாக ஆகிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அதை வீட்டுச் சண்டை என்று கேட்டுவிட்டுப் போன வளவுக்காரர்கள் இப்போது வரிசையாக உட்கார்ந்து கேட்டபோது அது வேறு மாதிரிக் கேட்டது. யாரும் உலகம்மாளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் தண்ணீர் இறைக்க வந்தால் பேச்சு நின்றது.

கனிக்குப் பொறுமை அற்றது இந்தக் கட்டத்தில்தான். வாரம் ஒன்று என்று போனால் எப்போது போய்ச் சேருவது? ஷைனியிடம் சொல்லாமல், ஆன்லைனில் பேர் ஊர் தெரியாத ஒரு கடையில் அழுத்தமான ஆசிட் ஒரு குப்பி தருவித்து, தடவி, சொன்ன நேரத்தைத் தாண்டியும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் கொதித்துப் பழுத்த மிளகாயாகச் சிவந்துவிட்டது. ஏடுகள் தனித்தனியாக வராமல், மழையில் நனைந்த செய்தித்தாள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக வந்தன. கொடியில் போட்டால் அத்தனையும் ஒரே நேரத்தில் கத்தின. பள்ளிக்கூடத்துக் காலம் முழுக்கச் சந்தை இரைச்சலாக இரைந்து, ஒரு சொல் விளங்காமல், பொடிந்து போனது.

"அதுல எங்க வீட்டு அவுக இன்னொரு தடவ பேசியிருந்தா?" என்று குருவம்மாள் கேட்டாள். அவள் கோபப்பட்டுக் கேட்கவில்லை, அதனால்தான் கனிக்கு அழுகை வந்தது.

ஷைனி அழவிடவில்லை. "நீ உன் முகத்தோட சண்டை போட்டுட்டு இருக்கியா, இல்ல அதுகிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருக்கியா? கேக்கணும்னா அது ஆறட்டும். அந்தச் சிவப்பு மாறுற வரைக்கும் ஆசிட்டைக் கண்ணால பாக்காதே. வெறும் கிரீம், சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். இதே மாதிரி இன்னொரு தடவை செஞ்சா உங்க அம்மாவும் அந்த இரைச்சல்லதான் போவாங்க."

கனி நேரே வீட்டுக்குப் போனாள். குப்பியைக் கொண்டுபோய்க் குப்பைவண்டியில் போட்டாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை, ஆனால் அதையும் முடிவு கட்டிவிட்டாள் அல்லவா, அதனால் காத்திருந்தாள்.

காத்திருந்த அந்த மாதங்களில் வேறொரு தொல்லை கிளம்பியது. உலகம்மாள் பேச ஆரம்பித்தாள். முன்பு கோபம் வந்தால் சொன்னதை இப்போது கோபமில்லாமலே சொன்னாள், காலையில் காபி கொடுக்கும்போது ஒரு தடவை, ராத்திரி பாய் விரிக்கும்போது ஒரு தடவை, நேருக்கு நேர் முகத்தைப் பார்த்து, மருந்து ஊட்டுகிற மாதிரி. கனிக்குப் புரிந்துவிட்டது: அத்தை மேலே மேலே பூசுகிறாள், வாரத்துக்கு ஒன்று உரித்தால் வாரத்துக்குப் பத்து ஒட்டுகிறாள், அடிக்குப் போகவிடக் கூடாது என்று நினைக்கிறாள்.

"ஏன் அத்த இப்படிப் பண்ணுத?"

"நான் என்ன பண்ணுதேன்? உள்ளதச் சொல்லுதேன்."

"உள்ளதுன்னா அது அடியில இருந்துட்டுப் போவுது. நீ ஏன் பயப்படுத?"

உலகம்மாள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து கனி, ஸ்கூட்டியில் போகும்போது வெயிலுக்காகப் பெண்பிள்ளைகள் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக் கண் மட்டும் தெரியக் கட்டிக்கொள்வார்களே, அந்தக் கட்டை வீட்டுக்குள்ளும் அவிழ்க்கவில்லை. கட்டோடு காபி வாங்கினாள், கட்டோடு காய் நறுக்கினாள், சாப்பிடும்போது மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். தன் வீட்டுக்குள்ளேயே கொள்ளைக்காரி மாதிரி நடமாடியது வளவில் கொஞ்ச நாள் சிரிப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அத்தை சொன்னதெல்லாம் துணியில் விழுந்து துவைக்கையில் சோப்போடு போயின. முகம் ஆறியது. ஷைனி கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, வீரியம் குறைந்த லாக்டிக்கை மட்டும் கொடுத்து, "மெதுவா," என்றாள். கனி மெதுவாகப் போனாள். மேலே பூசியதெல்லாம் போய், பால்வாடி டீச்சர் வந்து போய், சொட்டுமருந்து போட்ட நர்ஸ் வந்து போனாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஏடு வந்தது. அதில் முதலில் ஒரு கைக்குழந்தை விக்கி விக்கி அழுதது, ம்மா, ம்மா என்று. அதற்கு மேல் ஒரு குமரிப்பிள்ளையின் குரல், அதுவும் அழுதுகொண்டே, கெஞ்சிக் கெஞ்சி: "வர மாட்டாட்டி. ஒன்னயப் பாக்கப் பிடிக்காமத் திரும்பிக்கிட்டா, போயிட்டா. தேடாத கண்ணு. தேடாத." குழந்தையின் விக்கல் மெல்ல மெல்ல நின்றது. ஏடு பொடிந்து விழுந்தது.

வளவில் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. உலகம்மாள் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராத்திரி பகலா அழுதே," என்றாள், கனியைப் பார்க்காமல். "பால் குடிக்கல. ஈரக்கொலையே வெளிய வந்திரும் போல அழுதே. எத எதையோ சொல்லிப் பாத்தேன். இதச் சொன்னா நின்னுச்சு. அப்புறம் எனக்கு... எனக்கும் ஒரு வாழ்க்கை போச்சுல்லா கனி, யார்கிட்டச் சொல்ல? வாயில அதுதான் வந்துச்சு. வந்து வந்து அதுவே நெசம்னு ஆயிட்டு. அவ திரும்பிப் படுத்தாளா இல்லையான்னு எனக்கே இப்பம் தெரியல. அதுக்குத்தான் சொல்லுதேன், மிச்சத்த உரிக்காத. ஒருவேள நெசமாவே திரும்பியிருந்தா நீ தாங்க மாட்டே."

கனிக்கு அத்தையை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"தாங்குதேன் அத்த," என்றாள். "இம்புட்டுத் தாங்கியாச்சு."

கடைசி ஏட்டுக்கு அவள் அவசரப்படவில்லை. ஒரு வாரத்துக்கு இரண்டு வாரமாக விட்டு, காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்து, பஞ்சில் தொட்டு, சனிக்கிழமை சாயங்காலம் பூசினாள். மறுநாள் காலை தோல் வந்தபோது அது முந்தையவற்றைப் போல இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற அளவு, ஒரு பச்சைப்பிள்ளையின் முகம், பால் ஆடை மாதிரி. கருத்தபாண்டி கொடியைத் துடைத்து வைத்திருந்தார். கழுகுமலைக்குப் போகிறவர்கள் அன்று யாரும் போகவில்லை, அய்யாச்சாமிகூட வாசலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உலகம்மாள் உலை வைத்து அரிசி போட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி வந்து, யாருக்கும் பின்னால் ஒளியாமல் கொடிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

வெயில் மரத்தைத் தாண்டி வந்தது.

முதலில் தண்ணீர்ச் சத்தம். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, வெந்நீர் மோந்து ஊற்றுகிற சத்தம், எண்ணெய்க் கை வழுக்குகிற சத்தம். பிறகு, கனி இதுவரை கேட்டறியாத, கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்ட ஒரு குரல், சிரிப்பை அடக்கமாட்டாமல்:

"ஏ உலகு, இந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தா சோத்த யாருட்டி வடிக்கது?"

அதற்கு உள்ளேயிருந்து ஒரு குமரிப்பிள்ளை, ஓடிவருகிற மூச்சோடு, "நான் வடிக்கேன் மதினி. நீ பாரு. நல்லாப் பாரு," என்றது.

அவ்வளவுதான். அந்தத் தோல் பொடியவில்லை. காற்று வந்தது, கிளிப்பிலிருந்து நழுவி, முருங்கைப் பூவோடு பூவாகப் போய்விட்டது.

குருவம்மாள் மூக்கைச் சிந்தினாள். கனி துப்பட்டாவை எடுக்கக் கையை நீட்டினாள், எதற்கு என்று தோன்ற விட்டுவிட்டாள். அவள் முகம் இப்போது வழுவழுவென்றுதான் இருந்தது; ஷைனி சொன்னபடி பள்ளம் இரண்டொன்று பள்ளமாகவே இருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் உலகம்மாள் வந்து நின்றாள். தோளைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல், கண் தளும்பத் தளும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்படியில் உலை பொங்கி, கஞ்சி வழிந்து, அடுப்பில் சொய்யென்று இரைந்தது.

"உலகம்மா, சோறு பொங்குது," என்றார் கருத்தபாண்டி.

"யாராவது போயி வடிங்க," என்றாள் உலகம்மாள், கண்ணை எடுக்காமல்.